எது தகவல், எது கருத்து, எங்கே சார்பு? 2015 சென்னை வெள்ளத்தை வைத்துச் சில கேள்வி பதில்கள்

விமர்சனத்தோடு வாசிப்பது எப்படி என்று பொதுப்படையாகப் பேசினால் எல்லாரும் தலையாட்டுவார்கள். மறுநாள் காலை வாட்ஸாப்பில் வந்ததை அப்படியே நாலு பேருக்குத் தட்டிவிடுவார்கள். அதனால் இந்தப் பக்கம் முழுக்க ஒரே ஒரு சம்பவத்தை வைத்துக்கொள்கிறேன். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் அடையாறு கரைபுரண்டு சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை, முடிச்சூர் என்று வரிசையாக மூழ்கிய சென்னை வெள்ளம். அதைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்குத் தமிழில் வேறு எந்த மழையைப் பற்றியும் எழுதியிருப்பார்களா என்பது சந்தேகம். தகவல், கருத்து, வதந்தி, அரசியல் எல்லாம் அதில் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன.

தகவலையும் கருத்தையும் எப்படிப் பிரிப்பது? ஒவ்வொரு வாக்கியத்தையும் இது தகவல், இது கருத்து என்று முத்திரை குத்தினால் போதுமா?

போதாது. பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லித்தருகிறார்கள். "காவிரி ஓர் ஆறு" தகவல், "காவிரி அழகானது" கருத்து. நிஜமான செய்தி இவ்வளவு சாதுவாக வருவதில்லை. ஒரே வாக்கியத்துக்குள் தகவல், கருத்து, சார்பு மூன்றும் இருக்கும்.

ஒரு மாதிரி வாக்கியம் எழுதுகிறேன். இதைப் போன்ற ஒன்றை நீங்கள் நூறு தடவை கேட்டிருப்பீர்கள்: "செம்பரம்பாக்கம் ஏரியை நள்ளிரவில் முன்னறிவிப்பே இல்லாமல் திறந்துவிட்டதால்தான் சென்னை மூழ்கியது."

செம்பரம்பாக்கம் சென்னைக்குக் குடிநீர் கொடுக்கும் ஏரி, அதன் உபரி நீர் போவது அடையாற்றில். இப்போது வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்போம். ஏரியிலிருந்து நீர் திறக்கப்பட்டது என்பது தகவல். ஆவணம் இருக்கிறது, யாரும் மறுக்கவில்லை. அதிகபட்சமாக விநாடிக்கு 29,000 கன அடி என்று அரசே கணக்குக் கொடுத்தது. "நள்ளிரவில்" என்பதும் சரிபார்க்கக்கூடியதுதான். ஆனால் சரிபார்த்தால் ஆட்டம் காண்கிறது. அரசின் கணக்குப்படி டிசம்பர் 1 அன்று திறப்பு படிப்படியாகக் கூட்டப்பட்டுத்தான் அந்த அளவைத் தொட்டது. பலருக்கு வீட்டுக்குள் தண்ணீர் வந்தது இரவில். மதகு திறந்த நேரமும் கட்டிலுக்கடியில் தண்ணீர் வந்த நேரமும் மக்கள் நினைவில் ஒன்றாகிவிட்டன. பொய் சொல்லவேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை.

"முன்னறிவிப்பே இல்லாமல்" பாதித் தகவல். அறிவிப்பு வந்ததா என்பதைச் சரிபார்க்கலாம். வந்த அறிவிப்பு போதுமானதா, ஆற்றோரக் குடிசையில் இருந்தவர் காதில் விழும்படி இருந்ததா என்பது மதிப்பீடு.

கடைசியில் இருக்கிறது பாருங்கள், அந்தத் "தான்". மொத்தப் பாரத்தையும் சுமப்பது அதுதான். ஏரி திறந்தது ஒரு காரணம் என்பது ஒரு கூற்று, ஏரி திறந்ததுதான் காரணம் என்பது வேறு கூற்று. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரி நீரும் அடையாற்றில்தான் வந்து சேர்கிறது. அன்று தாம்பரத்தில் பெய்த மழைக்கும் அதுவே வடிகால். "தான்" என்று எழுதியவர் இவையெல்லாவற்றையும் எடைபோட்டுவிட்டு எழுதினாரா, கோபத்தில் எழுதினாரா? வாக்கியத்திலிருந்து மட்டும் அது தெரியாது. மேற்கொண்டு படித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அப்படியானால் தகவல் என்றால் உண்மை என்று பொருள் இல்லையா?

வாசிக்கும்போது முதலில் கேட்க வேண்டியது "இது உண்மையா?" அல்ல. "இதைச் சரிபார்க்க வழி இருக்கிறதா?" என்பது. வழி இருந்தால் அது தகவல் வகையைச் சேர்ந்த கூற்று. உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம்.

2015 மழைக்காலத்தில் வாட்ஸாப்பில் சுற்றிய ஒரு செய்தி: சென்னையில் 250 செ.மீ. மழை கொட்டப்போவதாக நாசா எச்சரித்திருக்கிறது என்பது. எண் இருக்கிறது, நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. கருத்து என்று சொல்ல அதில் ஒரு சொல்கூட இல்லை. முழுப் பொய். நாசா அப்படி எதுவும் சொல்லவில்லை. சென்னையில் ஒரு வருடம் முழுக்கப் பெய்யும் மழையே சராசரியாக 140 செ.மீ. அளவுதான். அது தெரிந்தவருக்கு அந்தச் செய்தியை நிராகரிக்க அரை நிமிடம் போதும்.

இன்னொன்று, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இருக்கும் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்ற புரளி. பண்ணைக்காரர்கள் எல்லாம் பத்திரமாக உள்ளேதான் இருக்கின்றன என்று மறுத்தார்கள். மறுப்பு போய்ச் சேர்வதற்குள் புரளி பல தெருக்களைத் தாண்டிவிட்டது.

கருத்துக்கு இந்தப் பிரச்சினை இல்லை. "இந்த அரசு மக்களைக் கைவிட்டுவிட்டது" என்று ஒருவர் எழுதினால், அது அவருடைய தீர்ப்பு என்று பார்த்ததுமே தெரிகிறது. ஏற்பதும் விடுவதும் நம் விருப்பம். அதனால் கருத்தைவிடப் பொய்த் தகவல்தான் ஆபத்து என்பது என் எண்ணம். கருத்து என்றாலே மட்டம், தகவல் என்றாலே உசத்தி என்று நினைப்பவர்கள்தான் இந்த நாசா செய்திகளில் சுலபமாக விழுகிறார்கள்.

எண் கொடுத்து எழுதினால் நம்பலாமா?

எண்ணைப் பார்த்ததும் கூடுதல் கவனம் வேண்டும். இதில் கொஞ்சம் நின்று பேசுகிறேன், ஏனென்றால் பெரும்பாலான ஏமாற்று இங்கேதான் நடக்கிறது. அதுவும் பொய்யே சொல்லாமல்.

"சென்னையில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை." இது இன்றும் எழுதப்படுகிறது. 49 என்ற எண் சரி. ஆனால் அது தாம்பரத்தில் பதிவானது. அதே 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ., மீனம்பாக்கத்தில் சுமார் 35 செ.மீ. மூன்றுமே "சென்னை" என்று பேச்சுவழக்கில் சொல்லும் இடங்கள்தான். பயங்கரத்தைக் காட்ட விரும்புபவர் தாம்பரத்தை எடுப்பார். "இது ஒன்றும் பெரிய மழையில்லை, நிர்வாகம்தான் கோட்டை விட்டது" என்று சொல்ல விரும்புபவர் நுங்கம்பாக்கத்தை எடுப்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. மழைமானி எங்கே இருந்தது என்று கேட்காதவரை இருவரும் ஜெயிப்பார்கள்.

அதோடு, வானிலைத் துறைக்கு ஒரு நாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. டிசம்பர் 2-ஆம் தேதிக் கணக்கில் இருக்கும் மழையில் பெரும்பகுதி 1-ஆம் தேதி பெய்தது. இது தெரியாமல் இரண்டு செய்திகளை ஒப்பிட்டு "ஒருவர் பொய் சொல்கிறார்" என்று சண்டை போட்டவர்கள் உண்டு.

அடுத்தது "நூறாண்டு காணாத மழை." எந்த இடத்தில், எத்தனை நாள் மழையில்? ஒரு நாள் மழை என்றால், நுங்கம்பாக்கத்தில் 1976 நவம்பரில் ஒரே நாளில் 45 செ.மீ. பெய்திருக்கிறது. 2015-இன் 29 செ.மீ. அதன் கிட்டேகூட இல்லை. ஒரு மாத மழை என்றால் கதை மாறுகிறது. 2015 நவம்பர் மாதம் முழுக்கச் சென்னையில் பெய்தது சுமார் 1,049 மி.மீ. அதற்குமுன் நவம்பரில் இதைவிட அதிகம் பெய்தது 1918-இல், சுமார் 1,088 மி.மீ. ஆக "ஏறக்குறைய நூறாண்டில் காணாத நவம்பர்" என்று எழுதினால் மறுக்க ஆள் இல்லை. "நூறாண்டு காணாத மழை" என்று மாதத்தை வெட்டிவிட்டு எழுதும்போது அது டிசம்பர் 1 அன்று பெய்ததைக் குறிப்பதுபோல் ஆகிவிடுகிறது. ஒரு சொல்லை எடுத்ததில் ஒரு தகவல் விளம்பர வாசகமாகிவிட்டது. பொறுப்பைத் தட்டிக்கழிக்க நினைப்பவருக்கு இதைவிட வசதியான வாசகம் கிடைக்காது.

சாவு எண்ணிக்கையும் இப்படித்தான். 2015 டிசம்பர் 3 அன்று மக்களவையில் அன்றைய உள்துறை அமைச்சர் ராஜ்நாத் சிங் தமிழ்நாட்டில் 269 பேர் இறந்ததாகச் சொன்னார். அது பருவமழை தொடங்கியதிலிருந்து மாநிலம் முழுக்க ஆன கணக்கு. அதைச் "சென்னை வெள்ளத்தில் 269 பேர் பலி" என்று சுருக்கினால் கடலூரில் நவம்பரில் செத்தவர்களும் சென்னைக்கு வந்துவிடுகிறார்கள்.

29,000 கன அடி? வாசிக்கும்போது அது வெறும் பெரிய எண். கொஞ்சம் பெருக்கிப் பாருங்கள். செம்பரம்பாக்கத்தின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. விநாடிக்கு 29,000 வீதம் ஒரு முழு நாள் விட்டால் ஏறக்குறைய 2,500 மில்லியன் கன அடி. ஏரியில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல். அந்த அளவில் இது சின்ன விஷயம் இல்லை என்று இப்போது புரிகிறதா? எண்ணைச் சந்தேகப்படுவது ஒரு பாதி. அதை நாமே பெருக்கி வகுத்துப் புரிந்துகொள்வது இன்னொரு பாதி. ஃபோனில் கால்குலேட்டர் இருக்கிறது.

அரசு ஆவணம், தணிக்கை அறிக்கை என்றால் அதில் இருப்பது எல்லாமே தகவலா?

இல்லை. இந்த வெள்ளம் பற்றிய விவாதத்தில் அடிக்கடி கையில் எடுக்கப்படும் ஆயுதம் சி.ஏ.ஜி. என்று எல்லாரும் சொல்லும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை. 2018 ஜூலையில் சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது. செம்பரம்பாக்கத்தில் நீரை வெளியேற்றிய விதத்தைக் குறைகூறி, இது மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்ற முடிவுக்கு வந்தது.

இதை வாசிக்கும்போது இரண்டாகப் பிரிக்க வேண்டும். எத்தனை மணிக்கு எவ்வளவு நீர் வந்தது, எவ்வளவு வெளியே போனது என்று பதிவேட்டிலிருந்து எடுத்துக் கொடுப்பவை தகவல்கள். "மனிதர் உண்டாக்கியது" என்பது அவற்றின்மேல் தணிக்கையாளர் எழுப்பிய தீர்ப்பு. தகுதியுள்ள ஒருவர், ஆவணங்களைப் பார்த்துவிட்டு, காரணம் காட்டிச் சொன்ன தீர்ப்பு. அதற்குரிய மரியாதை உண்டு. ஆனாலும் அது நீதிமன்றத் தீர்ப்பு அல்ல, நீரியல் ஆய்வும் அல்ல. "சி.ஏ.ஜி.யே நிரூபித்துவிட்டது" என்று எழுதுபவரும் தவறுகிறார், "அது வெறும் ஒரு கருத்து" என்று தூக்கிப்போடுபவரும் தவறுகிறார்.

அரசு வெளியிட்டது என்பதாலேயே நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் அதே வாரத்தில் உதாரணம் இருக்கிறது. டிசம்பர் 3 அன்று பிரதமர் விமானத்திலிருந்து வெள்ளப் பகுதிகளைப் பார்வையிட்டார். மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் ட்விட்டரில் ஒரு படம் போட்டது. ஜன்னலுக்கு வெளியே மூழ்கிய நகரம் பளிச்சென்று தெரிந்தது. ஜன்னலுக்குள் வேறொரு படத்தை ஒட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தவர்கள் கண்டுபிடித்துக் கேலி செய்ய ஆரம்பித்ததும் படத்தை எடுத்துவிட்டார்கள். பிரதமர் வந்தது உண்மை, பார்த்தது உண்மை, வெள்ளமும் உண்மை. படம் மட்டும் ஒட்டுவேலை. நடந்த ஒன்றுக்கே போலி ஆதாரம் தயாரிக்க முடியும் என்பது எனக்கு இதில் சுவாரசியமான விஷயம். ஆதாரம் போலி என்று தெரிந்ததும் "அவர் வரவே இல்லை" என்று தாவினவர்களும் இருந்தார்கள். அது அடுத்த தவறு.

நிபுணர்கள் சொல்வதும் கருத்துதானே? பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

காரணத்தை விளக்க வேண்டிய கடமை நிபுணருக்கு இருக்கிறது. எதை வைத்துச் சொல்கிறார் என்று கேட்கலாம், கேட்டால் பதில் வரவேண்டும்.

வெள்ளம் வந்த அதே நாட்களில் பாரிஸில் ஐ.நா. பருவநிலை மாநாடு நடந்துகொண்டிருந்தது. நவம்பர் 30-இல் தொடங்கி டிசம்பர் 12 வரை. உலகமே அதைப் பேசிக்கொண்டிருக்க, சென்னை வெள்ளம் கைக்கு வாகான உதாரணமாக ஆகிவிட்டது. "பருவநிலை மாற்றத்தால் மூழ்கிய நகரம்" என்று ஏராளமாக எழுதினார்கள். பிறகு பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து செய்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, அந்தக் குறிப்பிட்ட மழையில் புவி வெப்பமாதலின் கைவரிசையைக் காண முடியவில்லை என்றது. புவி வெப்பமாதல் பொய் என்று அது சொல்லவில்லை. பல இடங்களில் பெருமழையை அது கூட்டுகிறது என்பதையும் மறுக்கவில்லை. இந்த ஒரு மழையில், இந்த ஒரு கடற்கரையில், தரவு அப்படிக் காட்டவில்லை என்றது. அவ்வளவுதான்.

நம் பொதுவான நம்பிக்கைக்கு ஒத்துவராத முடிவை ஒருவர் வெளியிடுகிறார் என்றால் அவரைக் கொஞ்சம் கூடுதலாகவே நம்புவேன். எல்லா முடிவும் ஒரே பக்கம் சாயும் நிபுணரிடம் எச்சரிக்கையாக இருப்பேன். இது என் சொந்த அளவுகோல்.

சார்பை எப்படிக் கண்டுபிடிப்பது? எழுதியவர் எந்தக் கட்சி என்று தெரிந்தால் போதாதா?

கட்சி தெரிந்தால் வாசிப்பது சுலபமாகிவிடும், புரிந்துகொள்வது கஷ்டமாகிவிடும். வினைச்சொல்லைப் பாருங்கள்.

தமிழ்ச் செய்தியில் அமைச்சர் ஒருவர் "கூறினார்", "தெரிவித்தார்" என்றால் எழுதியவர் ஒதுங்கி நிற்கிறார். "விளக்கமளித்தார்" என்றால் லேசான ஆதரவு. "ஒப்புக்கொண்டார்" என்றால் இதுவரை மறைத்துவைத்திருந்தார் என்று சொல்லாமல் சொல்வது. "சமாளித்தார்", "மழுப்பினார்" என்றால் தீர்ப்பே எழுதியாகிவிட்டது. அமைச்சர் பேசிய வாக்கியம் இந்த எல்லா இடத்திலும் ஒன்றாகவே இருக்கும்.

எழுவாயையும் தேடுங்கள். "நீர் வெளியேற்றப்பட்டது" என்ற வாக்கியத்தில் ஆளே இல்லை. "பொதுப்பணித் துறை நீரை வெளியேற்றியது" என்பதில் ஒரு துறை இருக்கிறது. "அதிகாரிகள் ஏரியைத் திறந்துவிட்டார்கள்" என்பதில் குற்றவாளிகள் இருக்கிறார்கள். ஆள் இல்லாத வாக்கியம் நடுநிலையானது என்று நினைக்க வேண்டாம். பொறுப்பானவர்களை மறைக்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

"எனக் கூறப்படுகிறது", "என்று தெரிகிறது", "தகவல்கள் கசிந்துள்ளன" ஆகியவை வந்தால் யார் கூறினார் என்று கேளுங்கள். பேச்சில் "வந்தானாம், போனானாம்" என்று "ஆம்" போட்டுப் பேசும்போது இது நான் பார்த்ததில்லை, கேள்விப்பட்டது என்று நேர்மையாக ஒப்புக்கொள்கிறோம். எழுத்தில் "கூறப்படுகிறது" அதே வேலையைச் செய்யவேண்டியது, ஆனால் ஏதோ உயர்ந்த இடத்திலிருந்து வந்ததுபோல் தோரணை காட்டுகிறது.

நம் மொழிக்கே உரிய இன்னொரு அடையாளம் அவன், அவர். கைதான ஏழை இளைஞன் "சிக்கினான்", "தப்பி ஓடினான்". கைதான நிதி நிறுவன அதிபர் "கைது செய்யப்பட்டார்", "நெஞ்சுவலியால் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டார்". இருவர்மீதும் குற்றம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. ஒரு விகுதி அதற்குள் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. பல நாளிதழ்கள் இதைத் திருத்திக்கொண்டுவிட்டன, மாலைப் பத்திரிகைகளில் இன்னும் பார்க்கலாம்.

வெள்ளத்துக்குப் பிறகு அதிகம் புழங்கிய சொல் "ஆக்கிரமிப்பு". அடையாற்றங்கரைக் குடிசைகள் ஆக்கிரமிப்பு. அவற்றில் இருந்தவர்கள் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டார்கள். மீனம்பாக்கம் விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் குறுக்கே பாலம் போட்டுப் போகிறது. அது "விரிவாக்கம்". பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைத் தின்று வளர்ந்த கட்டடங்கள் "வளர்ச்சி". சட்டப்படி இவற்றுக்கிடையே வித்தியாசம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஒன்றுக்கு அனுமதி இருந்தது, மற்றதற்கு இல்லை. ஆனால் தண்ணீருக்கு எது தடை என்று பேசும் செய்தியில் தண்ணீர் பட்டா பார்க்காது என்பதையும் சேர்த்து எழுதவேண்டும். எழுதவில்லை என்றால் அங்கே சார்பு இருக்கிறது, ஒரு சொல்கூடப் பொய்யில்லாமல்.

எழுதாமல் விட்டதை வாசகர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

கஷ்டம்தான். இல்லாததைப் பார்ப்பதற்கு வெளியிலிருந்து ஏதாவது தெரிந்திருக்க வேண்டும். ஒரே வழி, இன்னொரு இடத்திலும் படிப்பது. அதுவும் நேரெதிர் கட்சிப் பத்திரிகையைவிட, வேறு ஊர்ப் பதிப்பு உதவும். 2015 நவம்பரிலேயே கடலூர் மாவட்டம் மூழ்கிவிட்டது. கடலூர்ப் பதிப்பு வாசித்தவர்களுக்கு அது தலைப்புச் செய்தி. தேசிய ஊடகங்கள் தமிழ்நாட்டு மழையை முழு மூச்சில் காட்டத் தொடங்கியது சென்னை மூழ்கிய பிறகுதான். இதற்குச் சதி ஒன்றும் தேவையில்லை. நிருபர்கள் சென்னையில் இருக்கிறார்கள், கேமரா சென்னையில் இருக்கிறது.

யாருக்கு எது எட்டியது என்பதையும் யோசியுங்கள். 1878-இல் தொடங்கிய தி இந்து ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பு டிசம்பர் 2 அன்று அச்சாகவே இல்லை. மறைமலை நகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் போக முடியவில்லை. செய்தி சேகரிக்க வேண்டியவர்களே மாடியில் சிக்கியிருந்த நாள் அது. அன்றைய செய்திகளில் ஓட்டைகள் இருக்கத்தான் செய்யும்.

தலையங்கம், கட்டுரை, விளம்பரம்?

தலையங்கம் கருத்து என்று போர்டு மாட்டிக்கொண்டே வருகிறது. அதனால் தொல்லை குறைவு. செய்தி மாதிரி அச்சடித்து, மூலையில் பொடி எழுத்தில் "விளம்பரம்" என்று போடுகிறார்களே, அதைத்தான் கவனிக்க வேண்டும். தேர்தல் நேரத்தில் அந்தப் பொடி எழுத்தும் காணாமல் போவதுண்டு.

இரண்டு தரப்பையும் போட்டுவிட்டால் அது நடுநிலையா?

முதலை தப்பிவிட்டது என்கிறார் ஒருவர், எண்ணிப் பார்த்தோம், எல்லாம் இருக்கின்றன என்கிறது பண்ணை. இரண்டையும் சம அளவில் போட்டு "சர்ச்சை" என்று தலைப்பு வைத்தால் அது நடுநிலை ஆகாது, சோம்பேறித்தனம். சரிபார்க்கக்கூடியதைச் சரிபார்த்துச் சொல்வது செய்தியாளர் வேலை. ஏரியை எந்த நேரத்தில் எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்பதுபோல உண்மையிலேயே இருதரப்பு வாதம் உள்ள இடத்தில் இரண்டையும் போடட்டும்.

பெரியப்பா குடும்பக் குழுவில் போடும் செய்திகளை என்ன செய்வது?

"பொய்" என்று எல்லார் முன்னாலும் பதில் போடாதீர்கள். செய்தி மாறாது, பெரியப்பா பேச்சை நிறுத்திவிடுவார். தனியாக, "பெரியப்பா, இது எந்தப் பேப்பரில் வந்தது? எனக்கு அந்தப் படத்தை மட்டும் அனுப்புங்களேன்" என்று கேளுங்கள். தேடிப்பார்த்துவிட்டு அவரே சில நேரம் "யாரோ அனுப்பினதுப்பா" என்று சொல்வார். அடுத்த தடவை அனுப்பும் முன் உங்கள் ஞாபகம் வரும். படம் என்றால் கூகுளில் படத்தை ஏற்றித் தேடிக் காட்டுங்கள். எந்த மழைக்கும் பழைய மழையின் படங்கள் வந்து சேரும். 2015-இன் படங்கள் 2021-இலும் 2023-இலும் புதுச்செய்தியாக உலா வந்தன.

என்னுடைய சார்பை நான் எப்படிப் பிடிப்பது?

கட்சிப் பெயரை மாற்றிப் போட்டுப் படியுங்கள். 2015-இல் ஆட்சியில் இருந்தது அ.தி.மு.க. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னை மறுபடி மூழ்கியது, அப்போது ஆட்சியில் இருந்தது தி.மு.க. முதல் வெள்ளத்தைச் "செயற்கைப் பேரிடர்" என்று எழுதியவர்களில் எத்தனை பேர் இரண்டாவதை "இயற்கைச் சீற்றம்" என்று எழுதினார்கள்? முன்பு "எந்த அரசாலும் இந்த மழையைத் தாங்க முடியாது" என்றவர்களில் எத்தனை பேர் இப்போது மழைநீர் வடிகாலுக்குச் செலவான கோடிகள் எங்கே என்று கேட்டார்கள்? இரண்டு மழையும் ஒன்றல்ல, அதனால் வெவ்வேறு முடிவுக்கு வருவதில் தவறில்லை. ஆனால் காரணமும் வேறாக இருக்கவேண்டும். ஆட்சி மாறியது மட்டுமே காரணம் என்றால் அது தெரிந்துவிடும்.

உங்கள் பழைய பதிவுகளை எடுத்துப் பாருங்கள். ஃபேஸ்புக் வருடாவருடம் நினைவுபடுத்துகிறது, அதற்கு இந்த ஒரு உபயோகமாவது இருக்கட்டும்.

இன்னொரு அடையாளம்: ஒரு செய்தியைப் படித்ததும் "பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்" என்று தோன்றினால் அங்கேதான் சரிபார்க்க வேண்டும். பிடிக்காத செய்தியை நாம் எப்படியும் துருவித்துருவிப் பார்ப்போம், அதற்குப் பயிற்சி தேவையில்லை.

எல்லாவற்றையும் இப்படிப் பிய்த்தால் கடைசியில் எதையுமே நம்ப முடியாதே?

நிறையவே மிஞ்சும். இந்த வெள்ளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நவம்பர் முழுக்கப் பெய்த மழையில் நிலமும் ஏரிகளும் நிரம்பியிருந்தன. டிசம்பர் 1 அன்று நகரின் தெற்கிலும் மேற்கிலும் மிகக் கடுமையான மழை. தாம்பரத்தில் 49, செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. ஏரியிலிருந்து 29,000 கன அடி வரை நீர் வெளியேறியது. அதே ஆற்றில் மற்ற ஏரிகளின் நீரும் சேர்ந்தது. ஆற்றின் வழியில் பல வகையான கட்டடங்கள் நின்றன. இவற்றில் எதையும் எந்தக் கட்சிக்காரரும் மறுக்க முடியாது.

சர்ச்சை மிஞ்சுவது இரண்டு இடத்தில். அடையாற்றில் வந்த மொத்த நீரில் செம்பரம்பாக்கத்தின் பங்கு எவ்வளவு என்பது ஒன்று. நவம்பர் கடைசியில் மழை எச்சரிக்கைகள் இருந்தபோதே ஏரியின் மட்டத்தைக் குறைத்திருக்க வேண்டுமா என்பது மற்றது. முதலாவது கணக்கு. மணிவாரியான மதகுப் பதிவேடும் ஆற்றின் ஓட்ட அளவும் இருந்தால் போடலாம். இரண்டாவது கணக்கு மட்டும் இல்லை. அந்த ஏரி சென்னைக்குக் குடிநீர் கொடுப்பது. எச்சரிக்கையை நம்பித் திறந்துவிட்டு, மழை பொய்த்திருந்தால் அடுத்த கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றிருப்போம். எந்த ஆபத்தை எவ்வளவு எடைபோடுவது என்பதில் நேர்மையான இரண்டு பொறியாளர்கள் மாறுபடலாம். அதில் ஒரு பக்கம் சேர்ந்துகொள்ளுங்கள், தடையில்லை. எதை வைத்துச் சேர்ந்தீர்கள் என்று கேட்டால் சொல்லத் தெரிந்தால் போதும்.